சின்ன முட்டையே போதும்

நேற்று சுங்கை சிப்புட் டவுனில் ஒரு தட்டு சி கிரேடு முட்டை கேட்டேன், அதாவது எடை குறைந்த சின்ன முட்டை. "பெரிசு, ஏ கிரேடு இருக்கே தங்கச்சி, பிள்ளைங்க நல்லா சாப்பிடட்டுமே" என்றார் கடைக்கார அண்ணன். வேண்டாம் அண்ணே, சின்னதே போதும் என்றேன். பின்னால் ஆள் நின்றதால் காரணம் சொல்ல முடியவில்லை, அதைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் லயத்து வீட்டுக்குப் பின்னால் ஐந்து கோழி இருக்கிறது. அதில் பண்ணையிலிருந்து வாங்கிய சிவப்புப் பெட்டை ஐந்து மாதத்திலேயே முட்டையிட ஆரம்பித்தது, முதலில் எல்லாம் எலுமிச்சம்பழ அளவுதான். அப்புறம் ஒருநாள் காலையில் கூடையில் ஏறிய கோழி மத்தியானம் வரை இறங்கவே இல்லை. கடைசியில் இட்ட முட்டை கைக்கு அத்தனை கனம், ஓட்டின் மேல் நூல் இழுத்த மாதிரி ஒரு ரத்தக்கோடு. உடைத்தால் இரட்டை மஞ்சள் கரு. பிள்ளைகள் குதித்தார்கள். கோழியோ இறக்கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, கண்ணை மூடி மூலையில் நின்றது, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

இளம் பெட்டைக்கு உடம்பு இன்னும் ஒரு ஒழுங்குக்கு வராததால் சில சமயம் இரண்டு கரு அடுத்தடுத்து இறங்கி ஒரே ஓட்டுக்குள் மாட்டிக்கொள்ளும். மற்றபடி முட்டையின் அளவு வயதோடு ஏறும், இனத்தையும் கோழியின் எடையையும் பொறுத்தது, தீவனத்தில் புரதம் கூடினால் பெருக்கும், நம்ம ஊர் வெக்கையில் தீனி குறைந்தால் சிறுக்கும். உடம்பு தேறுவதற்குள் பண்ணையில் விளக்கைப் போட்டுப் பகலை நீட்டி முட்டைக்குத் தள்ளி, தீவனத்தால் அளவையும் ஏற்றினால் அந்தச் சின்ன உடம்புதான் பாடுபடும். பின்பக்கம் வெளியே தள்ளிவிடும், சிவப்பாகத் தெரிவதை மற்ற கோழிகள் கொத்தும், அதிலேயே செத்துப்போவதும் உண்டு.

ஓடு உருவாக ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகும். ஒரு ஓட்டில் சுமார் 2 கிராம் கால்சியம் இருக்கிறது, ராத்திரி இரை இல்லாத நேரத்தில் அதில் ஒரு பங்கைத் தன் எலும்பிலிருந்தே கோழி எடுத்துக் கொடுக்கிறது. நம் செம்பனைத் தோட்டத்துக்குள் திரிகிற காட்டுக்கோழி வருஷத்துக்குப் பத்துப் பதினைந்து முட்டைதான் இடும். அதே வம்சத்தில் வந்த பண்ணைக்கோழி 300 இடுகிறது. நெஞ்செலும்பு முறியாமல் என்ன செய்யும்?

இவ்வளவும் எதற்கு? ஏ கிரேடு 65 கிராமிலிருந்து 70க்குள், சி 55லிருந்து 60க்குள். வித்தியாசம் பத்து கிராம், அதிலும் பெரும்பகுதி வெள்ளைக்கரு. சி வாங்கினால் பண்ணைக்கோழியின் கூண்டு திறந்துவிடாது, அது வேறு போராட்டம், அதையும் கேட்கத்தான் வேண்டும். ஆனால் பெரிய முட்டைக்குத்தான் நல்ல விலை என்று நாம் காட்டிக்கொண்டே இருக்கும் வரை, பெட்டை வளரட்டும் என்று எந்தப் பண்ணை காத்திருக்கும்?

எங்கள் சிவப்பியை மூன்று நாள் தனியாக நிழலில் வைத்திருந்தோம். ஒட்டுக்கடை அக்காவிடம் கால்சியத்துக்காக கெராங் சிப்பி ஓடு வாங்கிக் கழுவி, காயவைத்து, அம்மியில் நொறுக்கி ஒரு சிரட்டையில் வைத்தேன். பொழுது சாய்கிற நேரத்தில் மற்ற நான்கையும் தள்ளிவிட்டு அதுதான் முதலில் வந்து கொத்துகிறது.