ஓவன் திருப்பிச் சொன்ன பெயர்

அயர்லாந்து எழுத்தாளர் பிரையன் ஃபிரீல் எழுதி, 1980-இல் டெரி நகரில் முதன்முதலாக மேடையேறிய 'டிரான்ஸ்லேஷன்ஸ்' நாடகத்தை நம் ஆங்கில ஆசிரியர் தாமே தமிழாக்கி, சேலத்தில் நம் பள்ளி ஆண்டு விழாவில் நடத்திய மாலையை, இந்தக் குளிர் தேசத்தில் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். எனக்கு வேடமில்லை; பக்கத்திரை ஓரம் நின்று வசனம் எடுத்துக்கொடுக்கும் வேலை.

கதை 1833-இல், டோனகல் பகுதிச் சிற்றூரொன்றின் பழைய கொட்டிலில் நடக்கும் திண்ணைப் பள்ளியில் நிகழ்கிறது. நில அளவைக்கு வந்த ஆங்கிலேயப் படையினர் ஐரிஷ் ஊர்ப் பெயர்களை ஆங்கிலமாக்கி வரைபடத்தில் ஏற்றுகிறார்கள். அதற்குக் கூலிக்கு உதவும் உள்ளூர்ப் பிள்ளை ஓவன், அவர்கள் தன்னையே 'ரோலண்ட்' என்று தவறாக அழைப்பதைக்கூட வெகுநாள் திருத்தாமல் விடுகிறான்.

மூலத்தில் ஒரு விந்தை உண்டு. ஐரிஷ்காரர்களும் ஆங்கிலேயர்களும் மேடையில் ஆங்கிலமே பேசுவார்கள். ஆனால் ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியவில்லை என்று நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். இதைத் தமிழில் எப்படிக் காட்டுவது என்று பல நாள் தவித்த ஆசிரியர், கடைசியில் ஊர்க்காரர்களுக்குச் சேலத்துப் பேச்சையும், படைத்தலைவனுக்கு நீட்டி முழக்கும் மேடைச் செந்தமிழையும் கொடுத்தார். "எங்க கண்ணு கெளம்பிட்ட?" என்று ஒருவர் கேட்க, "யாது உரைக்கின்றாய்?" என்று துரை விழித்தபோது அரங்கமே சிரித்தது. மூலத்தின் வழியைவிட இதுவே மேல் என்பது என் கட்சி. நண்பர்கள் சண்டைக்கு வரலாம்.

கடைசி அங்கத்தில் சிரிப்பு நின்றது. படையதிகாரி ஒருவர் காணாமற்போகிறார். அவர் கிடைக்காவிட்டால் கால்நடைகளைக் கொன்று வீடுகளை இடிப்போம் என்று அறிவிக்கும் படைத்தலைவன், இடிபடப்போகும் ஊர்களைப் புதிய பெயர்களால் வாசிக்க, தானே மாற்றிக் கொடுத்த அந்தப் பெயர்களை ஓவன் பழையபடி ஐரிஷில் திருப்பிச் சொல்ல வேண்டும். 'ஸ்வைன்ஃபோர்ட்' என்கிறான் அவன். 'லிஸ் நா மக்' என்கிறான் ஓவன்.

ஓவனாக நடித்தவன் ஏற்காட்டிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்தவன். ஒத்திகையில் ஒருநாள் 'கிங்ஸ் ஹெட்' வந்ததும், 'க்னாக் நா ரீ', அதாவது அரசனின் குன்று, என்ற பெயர் மறந்து, 'சேர்வராயன்' என்று சொல்லிவிட்டான். ஆங்கில வரைபடங்களில் 'ஷெவராய்' ஆகிப்போன அவனுடைய மலைதான் அது. ஆசிரியர் உட்பட எல்லோரும் சிரித்தோம்.

விழாவன்றும் அதே இடத்தில் நின்றான். துரை இரண்டாம் முறை, சற்று உரக்க, 'கிங்ஸ் ஹெட்' என்றான். நோட்டில் அந்த வரிமேல் விரல் வைத்திருந்த நான் எடுத்துக்கொடுக்கவில்லை. அவன் 'சேர்வராயன்' என்றான்.