பிரவுசரைத் திறக்காமல் இலைக் கணக்குச் சீட்டு: கோத்தகிரியில் ஒரு பிரிண்டர் முயற்சி

மாமா கோத்தகிரிப் பக்கம் பச்சைத் தேயிலை எடுக்கும் ஏஜென்ட். சிறு விவசாயிகளிடம் கொழுந்தை எடை போட்டு வாங்கி ஃபேக்டரிக்கு ஏற்றிவிடுவார். மாதக் கடைசியில் ஆளுக்கொரு கணக்குச் சீட்டு தர வேண்டும். தேதி, மொத்த எடை, சாக்கு எடை, மழைநாளாக இருந்தால் ஈரத்துக்குக் கழித்தது, நிகர கிலோ, வாங்கிய முன்பணம், உரத்துக்குப் பிடித்தது, கையில் வரும் தொகை என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும்.

எடைக் கணக்கு ஏற்கெனவே ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரில் ஏறிக்கொண்டிருக்கிறது (இங்கே 'பை' என்றால் அதுதான், அதுவே நம் சர்வரும்). அதிலிருந்து எச்டிஎம்எல்லில், அதாவது வலைப்பக்க வடிவில், சீட்டு தயாரிப்பதும் பெரிய வேலை இல்லை. அதை அச்சடிப்பதுதான் பெரும்பாடு. யாராவது லேப்டாப்பைத் திறந்து, ஒவ்வொரு சீட்டாகப் போய், கன்ட்ரோலும் பி-யும் அழுத்தி, அளவு சரிபார்த்து... மாமாவுக்கு அதெல்லாம் ஆகாது. "ஏம்ப்பா, பட்டன அமுக்குனா பேப்பர் வரணும், அவ்வளவுதானே?" என்றார். நியாயம்தான்.

சாதாரண பிரிண்டருக்கு எச்டிஎம்எல் புரியாது. கோப்பை அப்படியே தள்ளிவிட்டால் டேக்குகளையும் சேர்த்துத் துப்பும், தமிழ் இருக்கும் இடத்தில் கண்டதையும் அடிக்கும். ஆகவே வேலை இரண்டு: சர்வரிலேயே எச்டிஎம்எல்லைப் பக்கம் பக்கமாகக் கோர்த்துப் பிடிஎஃப் ஆக்குவது, அந்தப் பிடிஎஃப்பைப் பிரிண்டரிடம் சேர்ப்பது. இரண்டாவதற்கு லினக்ஸில் அச்சு வேலைகளை வரிசையில் வைத்துப் பிரிண்டருக்கு அனுப்பும் கப்ஸ் இருக்கிறது. முதலாவதில்தான் கொஞ்சம் அலைய வேண்டியிருந்தது.

தேடினால் முதலில் கண்ணில் படுவது டபிள்யூகே-எச்டிஎம்எல்-டு-பிடிஎஃப். வெப்கிட் என்ற பிரவுசர் எஞ்சினின் பழைய பதிப்பை வைத்து ஓடுவது. 2023-லேயே அதன் மூலநிரல் கிடங்கைப் பூட்டி வைத்துவிட்டார்கள். இன்றும் ஓடும், ஆனால் புதிதாக ஒன்று கட்டும்போது அதன் மேல் கட்ட மனம் வரவில்லை. அடுத்தது ஹெட்லெஸ் குரோமியம், அதாவது திரையில் ஜன்னல் திறக்காமலே ஓடும் குரோமியம் பிரவுசர். 2017 முதல் இருக்கும் வசதி, பிடிஎஃப்பும் சுத்தமாகத் தரும். பக்க ஓரங்களில் நாமே எழுதும் வசதிகூட 131-ஆம் பதிப்பில் வந்துவிட்டது. ஜாவாஸ்கிரிப்ட்டில் வரையும் கிராஃப் எல்லாம் வேண்டும் என்றால் அதுதான் வழி. ஆனால் ஜன்னல் இல்லாவிட்டாலும் பிரவுசர் பிரவுசர்தான். 1 ஜிபி நினைவகம் உள்ள பையில் அதை எழுப்பினால் மற்ற வேலையெல்லாம் மூச்சு வாங்குகிறது. நாலு வரி அட்டவணைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் எதற்கு?

கடைசியில் எச்டிஎம்எல்லைப் பிடிஎஃப் ஆக்கும் வீசிபிரிண்ட் என்ற நூலகத்தில் நின்றேன். பிரவுசர் எஞ்சின் எதையும் கடன் வாங்காமல், பக்க அமைப்பைப் பைத்தான் நிரல்மொழியிலேயே எழுதியிருக்கிறார்கள். ஜாவாஸ்கிரிப்ட் ஓடாது, அது எனக்குத் தேவையும் இல்லை. காகிதம் என்றால் என்னவென்று அதற்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸில் பக்க விதியில் ஏ5 என்று அளவும் ஓரமும் கொடுத்தால் அப்படியே கேட்கிறது. அட்டவணை அடுத்த பக்கத்துக்கு ஓடினால் தலைப்பு வரியை மறுபடி போடுகிறது. 'இந்த வரியை நடுவில் உடைக்காதே' என்று சொன்னால் உடைப்பதில்லை.

தமிழுக்கு வருவோம், சர்வரில் அச்சடிக்கப் போகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். திரையே இல்லாமல் நிறுவிய லினக்ஸில் பெரும்பாலும் தமிழ் எழுத்துரு இருக்காது. பிழைச்செய்தி எதுவும் வராது, எழுத்து இருக்க வேண்டிய இடமெல்லாம் வெறும் கட்டங்களாக வரும். லோகித் தமிழோ நோட்டோ சான்ஸ் தமிழோ நிறுவினால் கட்டம் போய்விடும். எழுத்துரு மட்டும் போதாது, எழுத்துகளைக் கோர்க்கவும் ஆள் வேண்டும். 'கொழுந்து' என்பதில் 'கொ' ஒரே எழுத்து, ஆனால் கொம்பு முன்னால், கால் பின்னால். சும்மா எழுத்துகளை வரிசையாக அடுக்கும் பிடிஎஃப் நூலகங்களில் இந்தக் கொம்பு இடம் மாறி நிற்கும். வீசிபிரிண்ட் இந்த வேலையை எழுத்துக் கோர்க்கும் நூலகங்களான பாங்கோவிடமும் ஹார்ஃப்பஸ்ஸிடமும் விட்டுவிடுவதால் எல்லாம் அதனதன் இடத்தில் உட்கார்ந்தது. என் சோதனைத் தாளில் கொழுந்து, பௌர்ணமி, ஸ்ரீ, லக்ஷ்மி நான்கும் உண்டு. இவை நான்கும் சரியாக வந்தால் மற்றவை பெரும்பாலும் சரியாக இருக்கும்.

அளவு இன்னொரு விஷயம். 7 பாயின்ட்டில் எல்லாம் ஒரே பக்கத்தில் அடங்குகிறது, ஆனால் டோனர் குறையும்போது புள்ளிகள் மங்கி, 'கடன்' என்பது 'கடன' ஆகிவிடுகிறது. 9 பாயின்ட்டுக்கு ஏற்றி, வரி இடைவெளியையும் தாராளமாக விட்டேன். சிலருக்குச் சீட்டு இரண்டு பக்கம் போகிறது. போகட்டும்.

அதனால்தான் எல்லோருக்கும் சேர்த்து ஒரே பிடிஎஃப் போடவில்லை. ஒரே கோப்பாக இருந்தால் 'பக்கம் 1 / 2' என்று வர வேண்டிய இடத்தில் ஊர் மொத்தத்துக்கும் சேர்த்து எண்ணிக்கை வந்து நிற்கும். ஆளுக்கு ஒரு கோப்பு என்றால் எண்ணும் சரியாக வரும், நடுவில் தாள் சிக்கினால் அந்த ஒருவர் சீட்டை மட்டும் மறுபடி அனுப்பினால் போதும். கப்ஸுக்கு அனுப்பும்போது வேலையின் தலைப்பாக விவசாயியின் கணக்கு எண்ணையே கொடுத்துவிடுகிறேன். வரிசையைப் பார்த்தால் யார் சீட்டு நிற்கிறது என்று உடனே தெரியும். தொகையை 1,23,456 என்று நம் வழக்கப்படி காற்புள்ளி போட்டு எழுதுவது பேபல் நூலகத்தின் வேலை. பைத்தான் தானாகச் செய்தால் 123,456 என்று வரும், அதை மாமா கணக்கில் சேர்க்கவே மாட்டார்.

பிரிண்டர் வாங்குகிறவர்களுக்கு ஒரு சொல்: டிரைவர் இல்லாமலே ஐபிபி (நெட்வொர்க்கில் அச்சடிப்பதற்கான பொது நெறிமுறை) வழியாக அச்சடிக்கும் மாடலாகப் பாருங்கள். மலிவான சில லேசர்களுக்கு நிறுவனம் தரும் டிரைவர் சாதாரணக் கம்ப்யூட்டர்களுக்கு மட்டும்தான், பையில் இருக்கும் ஏஆர்எம் சிப்பில் ஏறாது. இன்னொன்று, கப்ஸில் பிழை வந்தால் பிரிண்டரையே நிறுத்திவிடும் அமைப்பு இருக்கலாம். அதை 'மறுபடி முயற்சி செய்' என்று மாற்றிவிடுங்கள். இங்கே கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. வரிசையில் இருப்பது வட்டிலேயே இருப்பதால், கரண்ட் வந்து பை எழுந்ததும் காத்திருக்கும் சீட்டுகள் தானாகவே போகின்றன.

மென்பொருளால் தீராதது ஈரம். தென்மேற்குப் பருவமழையை தொட்டபெட்டா மலைத்தொடர் ஓரளவு மறைத்துக்கொள்வதால் கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிது. அந்த மாதங்களில் திறந்து வைத்த பேப்பர் கட்டு ஈரம் இழுத்து, லேசரின் சூட்டில் சுருண்டு, இரண்டு மூன்றாக ஒட்டிக்கொண்டு போகிறது. இப்போது பேப்பர் மூடி போட்ட தகர டப்பாவில் இருக்கிறது. தேவையான அளவு மட்டும் எடுத்துத் தட்டில் வைக்கிறோம்.

சீட்டு கைக்குப் போனதும் வந்த முதல் கேள்வி வடிவமைப்பைப் பற்றி அல்ல. "ஈரத்துக்கு எவ்வளவு கழிச்சிருக்கீங்க, தனியா காட்டுங்க" என்றார்கள். அந்தக் கட்டத்தைத் தடித்த எழுத்தாக்கி, தேதிக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்துவிட்டேன். டெம்ப்ளேட்டில் இரண்டு வரி மாற்றம்தான். மாமாவுக்கு அதில் அவ்வளவு சந்தோஷம் இல்லை.

அடுத்து, எடை போடும் இடத்திலேயே 80 மில்லிமீட்டர் தெர்மல் பிரிண்டரில் துண்டுச் சீட்டு தர வேண்டும். அதில் தமிழ் எழுத்து கிடையாது, படமாகத்தான் அனுப்ப வேண்டும். அங்குலத்துக்கு 203 புள்ளி என்ற கணக்கில் அகலம் 576 புள்ளி கிடைக்கும். அதே வீசிபிரிண்ட் பிடிஎஃப்பைக் கறுப்பு வெள்ளைப் படமாக மாற்றி அனுப்பிப் பார்க்கிறேன். எழுத்து தெளிவாக இருக்கிறது, காகிதம் வெட்டும் இடம் மட்டும் இன்னும் கட்டுக்குள் வரவில்லை.