நெஞ்சுப் பட்டையோடு ஓர் இரவுப் பயணம்

இதயத் துடிப்பை வைத்தே தூக்கம் வருவதைக் கண்டுபிடிக்க முடியுமா என்று பார்க்க, போன மாதம் ஓர் இரவு நெஞ்சில் துடிப்பை அளக்கும் சென்சார் பட்டை கட்டிக்கொண்டு கார் ஓட்டினேன். பக்கத்து சீட்டில் தம்பி, மடியில் லேப்டாப்.

நிமிடத்துக்கு 60 துடிப்பு என்றால் சரியாக 1,000 மில்லிசெகண்டுக்கு ஒன்று என்று நினைப்போம். அப்படி இல்லை. 960, 1,030, 985 என்று ஏறி இறங்கும். மூச்சை இழுக்கும்போது இடைவெளி சுருங்கும், விடும்போது நீளும். தூக்கம் நெருங்கினால் பெரும்பாலும் துடிப்பு மெதுவாகி, மூச்சோடு சேர்ந்த இந்த அசைவு (0.15 முதல் 0.4 ஹெர்ட்ஸ் வரை, அதாவது நொடிக்கு 0.15 முதல் 0.4 தடவை) கூடும்.

இந்த அசைவின் அளவைத்தான் தம்பி லேப்டாப்பில் கோடாகப் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றரை மணிக்கு, "அண்ணா, கோடு மேலே போகுது, நிறுத்துங்க" என்றான். எனக்குக் களைப்பே தெரியவில்லை. ஆனாலும் ஓரம் கட்டினேன். சீட்டைச் சாய்த்தது வரைதான் ஞாபகம். கண் விழித்தபோது விடிந்திருந்தது.

எல்லோருக்கும் ஒரே எல்லைக்கோடு வைத்தால் சரிவராது. வயது, காபி, மனக்கவலை எல்லாமே இந்த அளவை மாற்றும். அவரவர் இயல்பு நிலையோடுதான் ஒப்பிட வேண்டும். அப்புறம், இந்த அசைவை அளக்கும் வழக்கமான கணக்குக்கு 5 நிமிடத் துடிப்புப் பதிவு வேண்டும். ஆனால் கண் சொருகச் சில நொடி போதும். அதனால் கண் இமையைப் பார்க்கும் கேமராவும் கூட இருந்தால்தான் எனக்கு நிம்மதி.

தம்பிக்கும் ஒரு பட்டை வாங்கியாயிற்று.