பாறை ஊரில் கிரேஸ் கெல்லி

பிரான்சின் நீஸ் நகரில் ரயில் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் குட்டி நாடான மொனாக்கோ வந்துவிடுகிறது. வழியெல்லாம் வலப்பக்கம் கடல். கண் நிறையப் பார்ப்பதற்குள் சுரங்கம் வந்து மறைத்துவிடும். நிலையமே மலையைக் குடைந்து உள்ளே கட்டியதுதான்.

இந்தப் பயணம் அத்தைக்காக. சூதாட்ட மாளிகையைப் பார்ப்போமா, கார் பந்தயம் நடக்கும் தெருவைப் பார்ப்போமா என்று கேட்டதற்கு, "அதெல்லாம் எதுக்கு? கிரேஸ் கெல்லியைப் புதைச்ச கோயிலுக்குக் கூட்டிட்டுப் போ" என்றார். கிரேஸ் கெல்லி ஹாலிவுட் நடிகையாக இருந்து மொனாக்கோ இளவரசி ஆனவர். 1982இல் அத்தைக்குக் கல்யாணமான சில மாதங்களில் அந்த மரணச் செய்தியைப் பேப்பரில் பார்த்தாராம். கார் விபத்து, 52 வயது, பக்கத்தில் மகள். அதை அவர் மறக்கவே இல்லை.

ஆர்ம் சதுக்கத்தில் காய்கறிச் சந்தையைத் தாண்டி, செங்கல் பாவிய ஏற்றத்தில், பழைய ஊர் இருக்கும் பாறைக்கு மெதுவாக நடந்தோம். அத்தைக்காக நாலைந்து இடத்தில் நின்றோம். நின்றதும் நல்லதுதான், கீழே துறைமுகம் முழுசாகத் தெரிந்தது. 1956 ஏப்ரல் 12 அன்று கிரேஸ் வந்து இறங்கியது இந்தக் கரையில்தான். நியூயார்க்கிலிருந்து எட்டு நாள் கப்பல் பயணம். வயது 26. அதற்கு முந்தின வருடம்தான் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் வாங்கியிருந்தார்.

மொனாக்கோவை ஆண்ட இளவரசர் மூன்றாம் ரெய்னியேவை அவர் முதன்முதலில் சந்தித்தது 1955 மே 6 அன்று. கான் திரைப்பட விழாவுக்கு வந்தவரை ஒரு பிரெஞ்சுப் பத்திரிகை படம் எடுப்பதற்காக அரண்மனைக்கு அழைத்துப் போனது. அன்று வேலைநிறுத்தத்தால் விடுதியில் மின்சாரம் இல்லை. தலைமுடியை உலர்த்த வழியில்லை, உடைக்கு இஸ்திரி போட வழியில்லை. கசங்காமல் இருந்த ஒரே பூப்போட்ட உடையை உடுத்திக்கொண்டு, ஈரத்தலையோடு போனார். அடுத்த ஏப்ரலில் கல்யாணம்.

தேவாலயம் வெள்ளைக் கல் கட்டடம். உள்ளே பலிபீடத்துக்குப் பின்னால் அரைவட்டமாக ஒரு நடைபாதை; தரையில் வரிசையாக நாட்டை ஆளும் கிரிமால்டி குடும்பத்தாரின் கல்லறைப் பலகைகள். எல்லாரும் ஒரே பக்கமாக மெல்ல நகர்கிறார்கள். கிரேஸின் கல்லின் மேல் மட்டும் ரோஜாக்கள் இருந்தன. எழுத்து லத்தீனில். அத்தைக்குப் படித்துச் சொன்னேன்: கிராசியா பட்ரீசியா, இளவரசர் மூன்றாம் ரெய்னியேவின் மனைவி, இறந்த ஆண்டு 1982.

"இவ்வளவுதானா எழுதியிருக்கு?"

"ஆமா அத்தை."

"மனைவின்னு மட்டுமா?"

எனக்கும் அது உறுத்தியது. ஏப்ரல் 18 அன்று அரண்மனைச் சிம்மாசன அறையில் நடந்த சட்டபூர்வமான திருமணத்தில் அவருக்குக் கிடைத்த பட்டங்கள் 142 என்பார்கள். மறுநாள் இதே தேவாலயத்தில் நடந்த சடங்கைத் தொலைக்காட்சியில் சுமார் மூன்று கோடிப் பேர் பார்த்ததாகக் கணக்கு. அத்தனைக்கும் பிறகு கல்லில் மிஞ்சியது 'உக்சோர்', மனைவி, என்ற ஒரே சொல். பக்கத்துக் கல் ரெய்னியேவுடையது. கிரேஸ் போன பிறகு 23 வருடம் இருந்தார், மறுமணம் செய்யவில்லை, 2005இல் இங்கே வந்து படுத்தார். அத்தை அந்த இரண்டு கல்லையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் ஒன்றும் சொல்லாமல் நகர்ந்தார்.

வெளியே வந்து நிழலில் உட்கார்ந்தபோது 1962 கதையைச் சொன்னேன். இயக்குநர் ஹிட்ச்காக் தன் அடுத்த படத்தில் நடிக்க அழைத்தார். கிரேஸ் ஒத்துக்கொண்டார், அரண்மனையே மார்ச்சில் அறிவித்தது. ஊர் மக்களுக்கு அது பிடிக்கவில்லை, தங்கள் இளவரசி திரும்பவும் திரையில் இன்னொருவரோடு காதல் காட்சியில் நடிப்பதா என்று. அதே சமயம் பிரான்சோடு வரிச் சண்டை முற்றிக்கொண்டிருந்தது. அக்டோபரில் பிரெஞ்சு அதிபர் தெகோலின் அரசு மொனாக்கோ எல்லையில் சுங்கக் காவலர்களையே நிறுத்தியது. இரண்டு சதுர கிலோமீட்டர்கூட இல்லாத நாடு அதை எப்படித் தாங்கும்? அதற்கு முன்பே, ஜூனில், கிரேஸ் பின்வாங்கிவிட்டார். அப்புறம் கதைப் படம் எதிலும் அவர் முழுநீள வேடத்தில் நடிக்கவேயில்லை. கற்ற தொழிலை 32 வயதில் கைகழுவுவது சின்ன விஷயம் இல்லை. என்னைக் கேட்டால், 142 பட்டத்துக்கும் சேர்த்து அவர் கொடுத்த விலை இதுதான்.

ஆனால் சும்மா உட்கார்ந்துவிடவில்லை. 1958இலேயே மொனாக்கோ செஞ்சிலுவைச் சங்கத்தின் தலைமையை ஏற்றிருந்தார். கடைசிவரை அதை விடவில்லை. 1963இல் உலகக் குழந்தைகளுக்காக 'அமாட்' என்ற அமைப்பைத் தொடங்கினார். அடுத்த வருடம் தன் பெயரில் ஒரு அறக்கட்டளை. அதன் கடைகளில் உள்ளூர்க் கைவினைக்காரர்களின் பொருள்கள் விற்பனைக்கு வந்தன. 1968இல் தோட்டக் கழகம். பூக்களைப் பறித்து, உலர்த்தி, அழுத்தி, படங்களாக ஒட்டுவது அவருடைய சொந்த ஆசை. தாய்ப்பால் கொடுப்பதை ஒரு இளவரசி மேடையேறிப் பேசினார் என்றதும் அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கீழே ஃபோன்வியெய் பகுதிக்கு இறங்கினோம். கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலம் அது. அங்கேதான் அவர் நினைவாக 1984இல் திறந்த ரோஜாத் தோட்டம். ஆயிரக்கணக்கான செடிகள், நடுவே அவருடைய வெண்கலச் சிலை, ஆள் உயரத்துக்கு. உயர்ந்த பீடம் கிடையாது. பக்கத்தில் போய் நிற்கலாம். அத்தை செடி செடியாகப் பெயர்ப்பலகையைப் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் சுற்றினார். கால் வலிக்கிறது என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

நான் போக நினைத்த இடம் ஒன்று மிச்சம் இருந்தது: மேட்டிலுள்ள பொதுக் கல்லறைத் தோட்டம். அங்கே ஜோசபின் பேக்கர் இருக்கிறார். பாரிஸ் மேடைகளை ஆண்ட கறுப்பினக் கலைஞர். 1951இல் நியூயார்க்கின் ஸ்டோர்க் கிளப்பில் அவருக்குப் பரிமாறாமல் இழுத்தடித்தார்கள். அன்று அங்கே இருந்த கிரேஸ், தன்னோடு வந்தவர்களைக் கூட்டிக்கொண்டு அவரோடு வெளியேறினார். அப்போது கிரேஸுக்கு 21 வயது, இன்னும் நட்சத்திரமே ஆகவில்லை. பதினெட்டு வருடம் கழித்து, கடனில் மாளிகையை இழந்து, தத்தெடுத்த 12 பிள்ளைகளோடு ஜோசபின் தெருவில் நின்றபோது, பக்கத்து ஊரான ரோக்புருனில் வீடு கிடைக்க வழிசெய்ததும் கிரேஸ்தான். 1975 ஏப்ரலில் பாரிஸில் ஜோசபின் மறுபடி மேடை ஏறினார். அதற்குப் பணம் கொடுத்தவர்களில் மொனாக்கோ தம்பதியும் உண்டு. தொடக்க விழாவுக்குக் கிரேஸ் நேரில் போனார். நாலே நாளில் ஜோசபின் இறந்தார். உடலை இங்கே கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள்.

2021 நவம்பரில் பிரான்ஸ் ஜோசபினை, நாட்டின் பெரியவர்களுக்கான நினைவு மண்டபமான பாரிஸ் பாந்தியோனில் ஏற்றுக் கௌரவித்தது. ஆனால் உடல் மொனாக்கோவை விட்டுப் போகவில்லை. பெட்டியில் போனது நான்கு இடத்து மண். அதில் ஒன்று இந்த ஊர் மண்.

அத்தை குனிந்து கல்லின் மேல் கிடந்த சருகுகளைக் கையால் ஒதுக்கினார். "யாரு இவங்க, சொந்தமா?" என்றார்.

"இல்ல அத்தை. சிநேகிதி."

கையைத் துடைத்துக்கொண்டு பையிலிருந்து தண்ணீரை எடுத்து இரண்டு வாய் குடித்தார். ஆறரை மணி ரயிலைப் பிடிக்க வேண்டியிருந்ததால் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தோம்.