ஊசி போட்ட மூன்றாம் நாள் படபடப்பு

ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறைவுக்குச் சிகிச்சை தொடங்கி ஒன்றிரண்டு மாதத்தில் சிலருக்குக் காரணமே தெரியாமல் நெஞ்சு படபடக்கும். நடுராத்திரி விழிப்பு வரும், கை லேசாக நடுங்கும், வீட்டில் யார் என்ன சொன்னாலும் எரிச்சல் வரும். யூடியூபில் நாலு வீடியோ பார்த்துவிட்டு ‘கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் ஏறிப்போச்சு’ என்று முடிவு கட்டி, சாயங்காலம் லேபில் ரத்தம் கொடுத்துவிட்டு வருவார்கள். அந்த ஒற்றை எண்ணை வைத்து எந்த டாக்டராலும் ஒன்றும் சொல்ல முடியாது. டெஸ்டோஸ்டிரோன் ஊசி கார்டிசாலை ஏற்றும் என்பதற்கு உறுதியான அடிப்படையும் கிடையாது. கார்டிசால் மிகையானால் டெஸ்டோஸ்டிரோன் குறையும் என்பதுதான் நன்கு தெரிந்த விஷயம்.

சுவரில் தொங்கும் மாதக் காலண்டரை முதலில் எடுங்கள். ஊசி போட்ட நாளை வட்டமிட்டு, தினமும் இரவு படபடப்புக்கு 0 முதல் 10 வரை ஒரு மதிப்பெண் எழுதுங்கள். தூங்கிய மணி நேரம், குடித்த காபி எண்ணிக்கை இரண்டையும் பக்கத்தில் குறியுங்கள். இரண்டு மூன்று ஊசிக்காலம் இப்படி எழுதினால் போதும். படபடப்பு ஊசி போட்ட முதல் மூன்று நாளில் ஏறி இறங்குகிறதா, அடுத்த ஊசிக்கு முந்தைய வாரத்தில் வருகிறதா, ஊசிக்குச் சம்பந்தமே இல்லாமல் வருகிறதா என்பது கண்ணில் தெரிந்துவிடும். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

நம் ஊர் மருந்துக்கடைகளில் கிடைக்கும் டெஸ்டோஸ்டிரோன் எனந்தேட் ஊசி பெரும்பாலும் 250 மில்லிகிராம் ஆம்பூலாக வருகிறது. எனந்தேட்டின் அரை ஆயுள், அதாவது உடம்பில் மருந்து பாதியாகக் குறைய ஆகும் காலம், ஏறத்தாழ நாலரை நாள். முழு ஆம்பூலையும் ஒரே நாளில் ஏற்றினால் முதல் இரண்டு மூன்று நாளில் அளவு இயல்பைத் தாண்டி உச்சத்துக்குப் போகும், பதினான்காம் நாளுக்குள் கீழே வந்துவிடும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடுபவருக்குக் கடைசி வாரம் வறண்ட வாரம். மேட்டூர் அணையில் ஒரே நாளில் மதகைத் திறந்துவிட்டு இருபது நாள் அடைத்து வைத்தால் கடைமடை வயல் என்ன ஆகும்? அதே கதைதான். வாரம் 75–100 மில்லிகிராம், அல்லது இரண்டு வாரத்துக்கு 150–200 மில்லிகிராம் என்பதுதான் மருத்துவ வழிகாட்டுதல்களில் உள்ள அளவு. இதில் ஒரு சிக்கல் உண்டு. உடைத்த ஆம்பூலை மிச்சம் வைக்கக் கூடாது. சிரிஞ்சில் இழுத்து ஃபிரிட்ஜில் வைத்து அடுத்த வாரம் போட்டுக்கொள்வது சீழ்க்கட்டிக்கு நேர்வழி. மருந்து வீணாவதைப் பொறுத்துக்கொள்வதா, ஜெல்லுக்கோ நீண்டகால ஊசிக்கோ மாறுவதா என்று டாக்டரிடம் பேச வேண்டும்.

அளவு சரியா என்று பார்க்க, இரண்டு ஊசிக்கும் நட்டநடுவில் ரத்தம் கொடுங்கள். டெஸ்டோஸ்டிரோன் ஒரு டெசிலிட்டருக்கு 350 முதல் 600 நானோகிராமுக்குள் இருந்தால் சரி. போட்ட மறுநாள் எடுத்த ரிசல்ட்டைப் பார்த்து மருந்தைக் குறைப்பதும், கடைசி நாள் ரிசல்ட்டைப் பார்த்துக் கூட்டுவதும் ஒரே தவறுதான்.

ஜெல் பூசுபவர்களுக்கு டெல்டாவின் புழுக்கமே எதிரி. 1 சதவீத ஜெல் பூசியபின் குறைந்தது ஐந்து மணி நேரம் குளியல் கூடாது. காலையில் பூசிக்கொண்டு நேரே ஆற்றிலோ பம்ப்செட்டிலோ குளித்தால் மருந்தில் ஒரு பங்கு தண்ணீரோடு போகும். வேலை முடித்துக் குளித்து உடம்பைத் துவட்டிய பின் பூசுங்கள், காய்ந்ததும் சட்டை போடுங்கள். பூசிய தோளில் பேரப்பிள்ளையைத் தூக்கக் கூடாது. பூசிய கையில் ரத்தம் எடுத்தால் எண் பொய்யாக எகிறும்.

நீண்டகால ஊசியான 1000 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் அண்டெகனோயேட் வேறு ரகம். 4 மில்லிலிட்டர் எண்ணெய், இடுப்புத் தசையில் மெதுவாக ஏற்ற வேண்டும். போட்ட சில நிமிடத்தில் திடீர் இருமல், மூச்சுத்திணறல், உயிரே போகிற மாதிரி பயம் வந்தால் அது பதற்ற நோயாக இருக்க வேண்டியதில்லை. எண்ணெய்த்துளி நுரையீரல் ரத்தக்குழாய்க்குப் போயிருக்கலாம். அதனால்தான் அரை மணி நேரம் அங்கேயே உட்காரச் சொல்வது. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து ஓடாதீர்கள்.

எல்லாப் படபடப்பும் மனசு சம்பந்தப்பட்டதில்லை. 2023இல் வெளியான ட்ராவர்ஸ் ஆய்வில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் இருந்தார்கள். மாரடைப்பும் பக்கவாதமும் கூடவில்லை. ஆனால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற இதயத்துடிப்பு டெஸ்டோஸ்டிரோன் பூசியவர்களிடம் கூடுதலாகத் தெரிந்தது. படபடக்கும்போது மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். துடிப்பு தாறுமாறாக விட்டுவிட்டு வந்தால் அன்றே ஈசிஜி எடுங்கள். நெஞ்சுவலியோ மயக்கமோ சேர்ந்தால் 108.

ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் ஹீமட்டோகிரிட் 54 சதவீதத்தைத் தாண்டினால் மருந்தை நிறுத்திவைக்கச் சொல்வார்கள். தொடங்கும் முன், 3 முதல் 6 மாதத்துக்குள், பிறகு ஆண்டுக்கு ஒருமுறை இதைப் பார்க்க வேண்டும். அக்னி நட்சத்திர வெயிலில் வயலிலோ வேதாரண்யம் உப்பளத்திலோ வேலை பார்த்துவிட்டு, தண்ணீர் குடிக்காமல் போய் ரத்தம் கொடுத்தால் இந்த எண் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும்.

தூக்கத்தை யாரும் சந்தேகப்படுவதில்லை. குறட்டைவிட்டு மூச்சு நின்று நின்று வருபவருக்கு டெஸ்டோஸ்டிரோன் அதை மோசமாக்கலாம். மூச்சு நிற்கும் ஒவ்வொரு முறையும் உடம்பு அபாய மணி அடித்து எழுப்புகிறது. ராத்திரி விழிப்புக்கும் காலைப் பதற்றத்துக்கும் பாதிக் காரணம் அங்கேயே கிடைக்கும். மனைவியிடம் கேட்டால் உண்மை வெளிவரும். காபி விஷயத்தில் கும்பகோணத்துக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது: காஃபீனின் அரை ஆயுள் ஐந்து மணி நேரம். மாலை ஐந்தரைக்குக் குடித்த ஸ்ட்ராங் டிகிரி காபியில் பாதி பத்தரை மணிக்கும் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். மதியத்தோடு டவராவைக் கழுவி வையுங்கள்.

இப்போது கார்டிசால். இது காலையில் விழித்த அரைமணி, முக்கால் மணியில் உச்சத்துக்குப் போய், நள்ளிரவில் தரைதட்டும். கொள்முதல் நிலையத்தில் நெல்மூட்டைக்குக் காவலாக இரண்டு நாள் தூங்காமல் கிடந்தவருக்கும், ராத்திரி கடலுக்குப் போய் விடிந்து கரை சேரும் நாகப்பட்டினம் மீனவருக்கும் ‘காலை 8 மணி’ என்பதன் அர்த்தமே வேறு. தூங்கும் நேரத்தை டாக்டரிடம் சொல்லி, நல்லபடி தூங்கிய வாரத்தில் டெஸ்ட் எடுங்கள். முடிக்காகப் பயோட்டின் மாத்திரை சாப்பிட்டால் மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள். சில கருவிகளில் அது கார்டிசால், டெஸ்டோஸ்டிரோன் இரண்டையுமே பொய்யாக உயர்த்திக் காட்டும்.

கார்டிசால் உண்மையிலேயே கூடுதலா என்று கேட்டால், இரவு 11 மணிக்கு டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை 1 மில்லிகிராம் விழுங்கிவிட்டுக் காலை 8 மணிக்கு ரத்தம் பார்ப்பது ஒரு வழி. கார்டிசால் ஒரு டெசிலிட்டருக்கு 1.8 மைக்ரோகிராமுக்கு மேல் நின்றால் மேலும் ஆராய வேண்டும். வலிப்புக்கு ஃபெனிட்டாய்ன் சாப்பிடுபவருக்கும் காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுபவருக்கும் இந்த டெஸ்ட் பொய் சொல்லும். கார்டிசால் குறைவு என்ற சந்தேகத்தில்தான் காலை ரத்தம் உதவும். அதே கணக்கில் 3 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் அவசரமாகக் கவனிக்க வேண்டும், 15க்கு மேல் என்றால் பற்றாக்குறைக்கு வாய்ப்பு மிகக் குறைவு. கூடவே, கார்டிசாலைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோனான ஏ.சி.டி.எச். டெஸ்ட்டும் எழுதியிருந்தால், சிறிய ஊர்க் கலெக்‌ஷன் சென்டரில் கொடுக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: ஐஸில் வைத்து உடனே பிளாஸ்மா பிரிப்பீர்களா? இல்லை என்றால் தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ போய் அதைச் செய்யும் லேபில் நேரடியாகக் கொடுங்கள். பஸ்ஸில் சூடாகப் போன சாம்பிளில் ஏ.சி.டி.எச். சிதைந்து, இல்லாத நோயைக் காட்டும். ‘அட்ரீனல் ஃபட்டீக்’ (கார்டிசால் சுரக்கும் அட்ரீனல் சுரப்பி களைத்துவிட்டது) என்று ரிப்போர்ட்டில் எழுதி டானிக் விற்பவரிடம் காசு கொடுக்க வேண்டாம். அப்படி ஒரு நோயை நாளமில்லாச் சுரப்பி மருத்துவம் ஏற்கவில்லை.

இங்கே அடிக்கடி ஒளிந்திருப்பது ஸ்டீராய்டு. பேர் தெரியாத மூட்டுவலிப் பொடி, மாதக்கணக்கில் தடவும் படைக்களிம்பு, இளைப்புக்கு யாரோ கொடுத்த வெள்ளை மாத்திரை. இவை உடம்பின் சொந்தக் கார்டிசாலையும் டெஸ்டோஸ்டிரோனையும் சேர்த்தே அமுக்கும். சந்தேகம் வந்தால் பொட்டலத்தோடு டாக்டரிடம் போங்கள். பல வாரம் சாப்பிட்டதைத் திடீரென நிறுத்தினால் வாந்தி, ரத்த அழுத்த வீழ்ச்சி என்று உயிருக்கே ஆபத்தாகலாம்.

அமுக்கராச் சூரணம் கார்டிசாலை ஓரளவு குறைப்பதாகச் சிறு ஆய்வுகள் உண்டு. அரிதாகக் கல்லீரலைக் கெடுக்கும், தைராய்டையும் ஏற்றலாம். படபடப்பே தைராய்டு மிகையால் வரக்கூடியது என்பதால், தைராய்டு டெஸ்ட்டான டி.எஸ்.எச். பார்க்காமல் அதைத் தொடங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கிறேன் என்று சொந்தமாக அனஸ்ட்ரோசோல் மாத்திரை போடுவதும் வேண்டாம். மூட்டுவலியும் மனச்சோர்வும்தான் மிச்சம்.

காலண்டரில் ஊசிக்கும் படபடப்புக்கும் தொடர்பே தெரியாமல், மேலே சொன்ன இதயத்துடிப்பு, தூக்கம், தைராய்டு காரணங்களும் இல்லை என்றானால் அதைப் பதற்ற நோயாகவே எடுத்து மனநல மருத்துவரைப் பாருங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416இல் தமிழிலேயே பேசலாம். பயந்துபோய் டெஸ்டோஸ்டிரோனை மட்டும் சொல்லாமல் நிறுத்திவிடாதீர்கள். அடங்கிக் கிடந்த சொந்தச் சுரப்பு திரும்பப் பல மாதம் ஆகலாம். அடுத்த ஊசிக்குப் போகும்போது அந்தக் காலண்டர் தாளைக் கிழித்து எடுத்துப் போங்கள்.