பேச்சு வந்தால் நிற்கும் கால்

ஜனவரி 6
மகளோடு நடந்துகொண்டிருந்தேன். அவள் ஏதாவது கேட்டால் நின்று பதில் சொல்கிறேன், மறுபடி நடக்கிறேன். மூன்றாவது தடவை, "ஏம்பா, நடந்துகிட்டே சொல்லக் கூடாதா?" என்றாள். 68 வயதில் எனக்கே தெரியாமல் ஒட்டிக்கொண்ட பழக்கம்.

ஜனவரி 8
பேசுவதற்காக நடையை நிறுத்தும் முதியவர்கள் பின்னாளில் விழ வாய்ப்பு அதிகம் என்று 1997இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. இளமையில் தானாக நடக்கும் கால், வயதானால் மூளையின் கவனத்தையும் கேட்கிறதாம். படித்ததும் வயிற்றில் லேசாகப் புளி கரைந்தது.

ஜனவரி 11
பிசியோதெரபிஸ்ட் சொன்னது: ஜெனீவாவில் 65 வயது தாண்டிய 134 பேரை வைத்து ஓர் ஆய்வு. வாரம் ஒரு மணி நேரம், 6 மாதம், பியானோ இசைக்கு ஏற்ப நடை. இசை மாறினால் நடையும் மாற வேண்டும். பயிற்சி எடுத்தவர்கள் விழுவது ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. டால்க்ரோஸ் என்ற இசை ஆசிரியர் மாணவர்களுக்காக உருவாக்கிய முறை இது. கிழவர்களுக்கு உதவும் என்று அவரே நினைத்திருப்பாரா!

ஜனவரி 12
பியானோவுக்கு எங்கே போவது? போனில் மெட்ரோனோம் என்ற தாளம் தட்டும் செயலி, நிமிடத்துக்கு 90 தட்டு. ஒவ்வொரு தட்டுக்கும் ஓர் அடி, மூன்றாவது அடிக்கு ஒரு கைத்தட்டல். சுலபம் என்றுதான் நினைத்தேன். கால் இரண்டு, கணக்கு மூன்று. கைத்தட்டல் ஒரு தடவை இடது காலில் விழுந்தால் அடுத்த தடவை வலதில் விழுகிறது. பத்தாவது அடியில் கையும் காலும் சண்டை போட்டன. நல்லவேளை, சுவரை ஒட்டி நடந்ததால் பிடித்துக்கொண்டேன்.

ஜனவரி 20
முழங்கால் வலி. நாற்காலியில் உட்கார்ந்தபடி அதே கணக்கு.

பிப்ரவரி 3
மூன்று பழகிவிட்டது. பழகினால் கவனம் தேவையில்லை, அப்புறம் பயிற்சியும் இல்லை. அதனால் ஐந்துக்கு மாறினேன். ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை. சிரிப்புதான் வந்தது.

பிப்ரவரி 24
மாலை மகளோடு நடை. "கேஸ் சிலிண்டர் எப்பப்பா பதிவு பண்ணீங்க?" என்றாள். கால் நிற்கவில்லை. "வியாழன்" என்றேன், பெருமையாக. வீட்டுக்கு வந்து பார்த்தால், நான் பதிவே செய்யவில்லை.