லீவு கேட்காதவர்கள்

வாரப் பத்திரிகை ஒன்றில் துணை ஆசிரியராக இருந்த காலத்தில், லீவுக்கு அலையாதவர்கள் என்று நான் பார்த்தது தொடர்கதை எழுதுபவர்களை மட்டும்தான். பொங்கலுக்கு யார் ஊருக்குப் போவது, தீபாவளிக்கு யார் இருப்பது என்று நாங்கள் மாதக்கணக்கில் முன்பே சண்டையை ஆரம்பித்துவிடுவோம். அவர்களிடம் போய், "ஒரு வாரம் வேண்டுமானால் விட்டுக்கொள்ளலாம் சார்" என்றால் முகம் வாடிவிடும். "ஏன், கதை போரடிக்குதா? லெட்டர் ஏதாவது வந்திருக்கா?"

ஒருவருக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. கொஞ்ச நாள் படிக்கவோ எழுதவோ கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உடல்நலக் குறைவால் தொடர் இந்த வாரம் இடம்பெறவில்லை என்று கட்டம் கட்டிப் போட நாங்கள் தயார். பக்கங்களை முடித்து அச்சுக்கு அனுப்புகிற நாளில் வழக்கம்போலக் கவர் வந்தது. உள்ளே பேரனின் கையெழுத்து. தாத்தா சொல்லச் சொல்லக் கோடு போட்ட நோட்டில் எழுதியிருக்கிறான். சின்ன ர வரவேண்டிய இடத்தில் எல்லாம் பெரிய ற. கதாநாயகன் கடன்காரனிடம் பேசும் இடத்தில், "இரு, தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று ஒரு வரி. தாத்தா பேரனிடம் சொன்னது அது. வசனம் என்று நினைத்து எழுதிவிட்டான். அந்த வரியை மனமில்லாமல்தான் அடித்தேன். வாயால் சொல்லி எழுதியதாலோ என்னவோ, அந்த அத்தியாயத்தில் வசனங்கள் எப்போதையும்விட நன்றாக இருந்தன.

எழுதுவதில் அப்படி என்ன சந்தோஷம் என்று கேட்டால் யாரும் ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை. ஆனால் வேலை நடக்கும்போது அது தெரிந்துவிடும். ஓவியருக்குப் படம் போட நேரம் வேண்டும் என்பதால், எழுதாத அத்தியாயத்துக்கும் காட்சியை முன்கூட்டியே போனில் சொல்லிவிடுவார்கள். "ரயில்வே கேட் பக்கத்துல குடையோட நிக்கிறான்னு போட்டுக்கச் சொல்லுங்க." படம் வந்துவிடும். அப்புறம் கதை எப்படியாவது அந்த ரயில்வே கேட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். எனக்கு அதை நினைத்தாலே வயிற்றைக் கலக்கும். அவர்களோ, "குடையைக் கொடுத்தாச்சு, இனிமே மழையை வரவழைக்கணும்" என்று சிரிப்பார்கள்.

லீவு எடுக்காததற்கு இன்னொரு காரணத்தை ஒரு மூத்த எழுத்தாளர் அம்மா சொன்னார். "ஒரு வாரம் விட்டா, யாருக்கு என்ன வயசு, யாரு யார்கிட்ட எதை மறைச்சாங்கன்னு முதல்லேருந்து படிக்கணும். அதுக்கு எழுதிடறதே சுலபம்."

கல்கியை எடுத்துக்கொள்ளுங்கள். 'பொன்னியின் செல்வன்' 1950-ல் தொடங்கி 1954 வரை வாராவாரம் வந்தது. அது வந்த 'கல்கி' பத்திரிகையின் ஆசிரியரும் அவரே. அவ்வளவு பெரிய கதையை முடித்த மனிதர் கொஞ்சம் படுத்து எழுந்திருக்கலாம் இல்லையா? அதே 1954-ல் 'அமர தாரா'வை ஆரம்பித்துவிட்டார். அந்த டிசம்பர் 5-ல் காலமானபோது அவருக்கு வயது 55. மீதிக் கதையை மகள் ஆனந்திதான் எழுதி முடித்தார். இந்தக் கடைசிப் பகுதியை என்னால் ரசித்துச் சொல்ல முடியவில்லை. சந்தோஷமாகச் செய்யும் வேலையும் உடம்பைத் தின்னும்.

இங்கிலாந்தின் நாவலாசிரியர் ஆன்டனி டிராலப் வேறு ரகம். தபால் துறை அதிகாரி. காலை 5.30-க்கு மேஜையில் உட்கார்ந்து, கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 வார்த்தை என்று எழுதியவர். ஆபீஸுக்குக் கிளம்பும் முன்பே அன்றைய பங்கு முடிந்துவிடும். அவர் தன் சுயசரிதையில் இதையெல்லாம் சொன்ன பிறகு, கணக்குப்பிள்ளை மாதிரி எழுதினார் என்று பலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அவரைப் பிடிக்கும். உதவி ஆசிரியனுக்கு அவரைப் போன்ற ஆள்தான் தெய்வம்.

எரிச்சலான விஷயம் ஒன்று உண்டு. இந்தச் சந்தோஷம் நிர்வாகத்துக்கு வசதியாகப் போய்விடும். சன்மானத்தை உயர்த்தலாமே என்று பேச்சு வந்தால், "அவங்க ஆசைக்கு எழுதறாங்கப்பா, பணத்துக்கா எழுதறாங்க?" என்று எங்கள் கணக்குப் பிரிவில் ஒரு பதில் ரெடியாக இருக்கும். ஆசையாகச் சமைக்கிறார் என்பதற்காக ஹோட்டல்காரருக்கு யாரும் பில்லைக் குறைத்துக் கொடுப்பதில்லை. வருஷக்கணக்கில் அதே தொகைதான் போய்க்கொண்டிருந்தது.

ஒருவழியாக உயர்த்தினார்கள். செக் போய்ச் சேர்ந்த அன்று மேலே சொன்ன அம்மாவிடமிருந்து போன். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்து நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடுத்த வாரத்துக்கான படத்தில் லாரியா வேனா என்று கேட்டார். லாரிதான் என்றேன். சரி, அப்படியே எழுதிவிடுகிறேன் என்றார். அப்புறம், "தம்பி, செக்கைப் புனைபெயர்ல போட்டிருக்காங்க. பேங்க்ல எடுக்க மாட்டாங்க. நாளைக்கே மாத்திக் கொடுக்கச் சொல்லுங்க."